குதிரைகள் வந்து நின்ற இடம்

போன கிழமை நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். கடற்கரை மணலில் ஒரு செம்மண் நிறக் குதிரை, முதுகில் இலக்கம் எழுதிய துணி, முன்னால் ஒரு வாளி, பின்னால் மஞ்சள் தொப்பி போட்ட பிள்ளைகள் கூட்டம். ‘நம்மட ஊருக்குக் குதிரை வந்த நாள், ஞாபகம் இரிக்கா?’ என்று கீழே எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு வரிசையாக இதயங்கள். ஒருவன் கட்டாரில் இருந்துகொண்டு ‘அந்தச் சந்தோசம் இனி வராது’ என்று எழுதினான். இன்னொருத்தி தொப்பிக் கூட்டத்துக்குள் தன் முகத்தைத் தேடிப் பிடித்து, வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

நான் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் வாயில் வரக்கூடாதது வந்திருக்கும். இப்போது எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுமை இல்லாதவர்கள் இதயம் போட்டுவிட்டுப் போகலாம். நமக்குத் தலையில் நரை விழத் தொடங்கிவிட்டது, பிள்ளை பெற்று வளர்க்கிறோம், ஆனாலும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. ஆறாத கோபத்தைச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

சந்தோசமாம்.

முதலில் முகாமை ஞாபகப்படுத்துகிறேன். அதைத்தான் எல்லோரும் வசதியாக மறந்திருக்கிறீர்கள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போய் வருடங்கள் ஆகியிருந்தன. தற்காலிகம் என்று சொல்லித் தந்த தகரக் கொட்டிலில் நமக்குப் பால்பல் விழுந்து மற்றப் பல்லும் முளைத்துவிட்டது. பகலில் தகரம் கொதிக்கும். மாரியில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பது கேட்காது. மழை இல்லாத நாளில் எல்லார் கதையும் எல்லாருக்கும் கேட்கும். பக்கத்துக் கொட்டிலில் ஒருவர் தும்மினால் எங்கள் கொட்டிலில் இருந்து துஆச் செய்வோம். புருசன் பெண்சாதி சண்டை பிடிக்க வேண்டுமென்றால் கடற்கரைக்குப் போய்த்தான் பிடிக்க வேண்டும்.

தண்ணீர், தாங்கி பூட்டிய பவுசர் லொறியில் வரும். அதன் ஹோர்ன் சத்தம் கேட்டதும் கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு ஓடியவர்கள்தானே நீங்கள். வெள்ளைக் கேன்களை வரிசையில் வைத்துவிட்டு, அந்தக் கேனுக்குப் பக்கத்தில் தாய்மார் நிற்பார்கள். கேனை யாராவது தள்ளி வைத்தால் அன்றைக்குப் பெரிய கூத்துத்தான். ஒரு நாள் பவுசர் வராவிட்டால் அடுத்த நாள் குளிப்பு இல்லை, உடுப்புக் கழுவுவது இல்லை, குசினியில் ஏனம் கழுவக் கடல் தண்ணீர்.

அதே நேரம் ரோட்டுக்கு மேற்கே, வயலை நிரப்பிக் கட்டிய வீடுகள் வரிசையாக நின்றன. ஓடு போட்டு, பூச்சுப் பூசி, வாசலில் இலக்கமும் எழுதியாயிற்று. சாவி மட்டும் தரவில்லை. ஒரு வருடம் மின்சாரம் இல்லை என்றார்கள், மறு வருடம் யாருக்கு எது என்பதில் பிரச்சினை என்றார்கள், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். அந்த வீடுகளின் வாசல்களில் ஆடுகள் படுத்திருந்து அசைபோட்டன. பாடசாலை விட்டு வரும்போது நாம் யன்னலால் எட்டிப் பார்த்து, எந்த அறை யாருக்கு என்று பிரித்துக்கொண்டோம். எங்கள் வீடு என்று நான் பிடித்து வைத்திருந்ததில் ஒரு கறுத்தக் கிடாய் இருந்தது.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் சிலருக்கு எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே தெரியாது.

அவன் அப்போதுதான் ‘ராத்தா’ என்று அக்காவான என்னைத் திருத்தமாகக் கூப்பிடப் பழகியிருந்தான். கடல் வந்த காலையில் அவன் உம்மாவின் கையில் இருந்தான், பிறகு இல்லை. அதைப் பற்றி உம்மா ஒருநாளும் இதற்கு மேல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவனைக் கண்டெடுத்தது வாப்பா. அந்த நாட்களில் மையத்துகளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் இருந்த மையவாடிக்குப் போக வழி இருக்கவில்லை. கடற்கரையிலேயே, பள்ளிவாசலுக்குச் சொந்தமான வெறுந்தரையில், நீளக் குழி வெட்டி வரிசையாக அடக்கினார்கள். தன் ஆள் எது என்று தெரிந்தவர் தலைமாட்டில் ஒரு மீசான் கட்டை நட்டார். தெரியாதவர் பொதுவாக நின்று கையேந்திவிட்டுப் போனார்.

மீசான் கட்டைக்கு அன்றைக்கு எங்கே போவது? பலகை விற்கிற மரக்காலையே கடலோடு போய்விட்டது. எங்கள் வீட்டில் மிஞ்சியது வாசல் நிலை மட்டும்தான், நீலப் பூச்சுப் பூசிய நிலை. சுவர் இல்லாமல் அது தனியாக நின்றது. அதன் ஒரு பக்கத்தை வாப்பா அறுத்து, கீழே கூராக்கி, மேலே உருட்டாகச் சீவி, தம்பியின் தலைமாட்டில் நட்டார். அவன் அந்த வாசலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினான். இதைக் கேட்டபோது உம்மா அழவில்லை, நல்லது என்று மட்டும் சொன்னார்.

நம் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான். அடக்கத்துக்கும் போவதில்லை, பிறகு கபுறைப் பார்க்க ஸியாரத்துக்கும் போவதில்லை. ஆகையால் உம்மா தன் பிள்ளை கிடக்கிற இடத்தைக் கண்ணால் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா அங்கே போய் ஓதிவிட்டு வருவார். வந்து சேர்ட்டைக் கழற்றும் முன்பே உம்மா விசாரணையைத் தொடங்கிவிடுவார். சோறு போட்டுக்கொண்டே கேட்பார்.

“மொட்டத் தென்னையில இருந்து எந்தப் பக்கம்?”

“கடலுக்கு முகம் குடுத்து நிண்டா வலக்கைப் பக்கம்.”

“மண் சரிஞ்சிரிக்கா?”

“கொஞ்சம் சரிஞ்சிருந்திச்சி. அள்ளிப் போட்டன்.”

“நீலம் போகிட்டா?”

“இல்ல, இரிக்கி.”

மொட்டைத் தென்னை என்பது கடல் தலையைப் பிடுங்கிக்கொண்டுபோன ஒரு தென்னை. அதுதான் அந்த வெறுந்தரைக்கு ஒரே அடையாளம். ஒவ்வொரு வெள்ளியும் இதே கேள்வி, இதே பதில். எனக்குச் சலிப்பாக இருக்கும். அவர் இப்படிக் கேட்டுக் கேட்டுத் தன் பிள்ளையின் கபுறைத் தன் தலைக்குள் கட்டி வைத்திருந்தார் என்பது இப்போதுதான் விளங்குகிறது. வாப்பாவின் வாய்தான் அவருடைய கண்.

சண்டை முடிந்த வருடம் வந்தது. பட்டாசு, கொடி, ரோட்டில் தெற்கிலிருந்து வருகிற பஸ்கள். சோதனைச் சாவடியில் நம் பாடசாலைப் பையைக் கொட்டிப் பார்த்த அதே ஆட்கள் கை காட்டிச் சிரித்தார்கள். நமக்கு அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்போதுதான் குதிரைக் கதை வந்தது. எங்கோ தெற்கே இருந்து புறப்பட்டு, திருக்கோவில், அக்கரைப்பற்று எல்லாம் தாண்டி, கடற்கரையோரமாகவே வந்து நம் ஊரில் முடிகிற ஒரு நீண்ட குதிரை ஓட்டம். வேகம் முக்கியமில்லையாம், தாக்குப்பிடிப்பதுதான் முக்கியமாம். இதைக் கேட்ட பக்கத்துக் கொட்டில் மாமி, அப்படியென்றால் முதல் பரிசு நமக்குத்தான் தர வேண்டும் என்றார். அவருக்கு நாக்கு நல்ல கூர்.

நாம் யாரும் உயிரோடு குதிரையைக் கண்டதில்லை. ஒருவன் குர்ஆன் மத்ரஸாவில் எழும்பி நின்று குதிரை இறைச்சி சாப்பிடலாமா என்று கேட்டு, ஓதித் தருகிற லெப்பையிடம் குட்டு வாங்கினான். சந்தோசம் இனி வராது என்று கட்டாரில் இருந்து எழுதியவன் அவன்தான்.

ஓட்டம் வந்து முடிவதற்கு அகலமான, மட்டமான ஒரு தரை தேவைப்பட்டது. ரோட்டிலிருந்து லொறி வர வேண்டும், மேடை போட வேண்டும், குதிரைகளைக் கட்டி ஆற வைக்க வேண்டும், சனம் நிற்க வேண்டும். கடற்கரை முழுவதும் தோணியும் வலையும் இடிந்த சுவரும். வெறுமையாக இருந்தது ஒரே ஒரு தரைதான். அது ஏன் வெறுமையாக இருக்கிறது, அதில் நட்டிருக்கிற கட்டைகள் என்ன என்று ஏற்பாடு செய்ய வந்தவர்கள் கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர்களும் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டத்தை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயம்.

அந்தப் பெரியவர்களில் என் வாப்பாவும் ஒருவர். பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு மரைக்கார் இருப்பார், அந்த வருடம் எங்கள் குடிக்கு அவர். ஓட்டத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருகிறார், திரண்ட சனத்தைக் கண்டால் அந்த மேடையில் வைத்தே வீட்டுச் சாவிகளைத் தருவார் என்று யாரோ கொளுத்திப் போட்டிருந்தார்கள். யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்று இன்றுவரை ஒருவரும் பிடித்துக் காட்டவில்லை. ஆனால் ஊரே நம்பியது. மரைக்கார்மார் எங்கள் கொட்டிலில் கூடியிருந்து கதைத்தார்கள். தேத்தண்ணி கொண்டுபோய் வைத்த என் காதில் வாப்பாவின் குரல் விழுந்தது.

“மௌத்தானவங்களுக்கு அல்லாஹ் வீடு குடுத்திட்டான். உசிரோட இரிக்கிறவங்கதான் தகரத்துக்குள்ள வேகுறாங்க.”

எனக்கு அப்போது அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது, எதைப் பற்றியது என்று விளங்காததால்.

அவர்கள் எடுத்த முடிவு இது. மண்ணைத் தோண்டுவதில்லை, யாரையும் அசைப்பதில்லை. மீசான் கட்டைகளை மட்டும் பிடுங்கி ஒரு பக்கமாக வைப்பது, ஓட்டம் முடிந்த மறுநாள் திருப்பி நட்டுவிடுவது. பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் அங்கே போவதில்லைதானே. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் போய், ஸலவாத் சொல்லிக்கொண்டே ஆளாளுக்குத் தன் கட்டையைப் பிடுங்கினார்கள். எல்லாவற்றையும் மதிலோரம் குவித்துத் தரப்பாளால் மூடினார்கள்.

கட்டையில் பெயர் இல்லை. நம் ஆட்கள் மீசானில் பெயர் எழுதும் வழக்கம் அப்போது இருக்கவில்லை. தன் ஆள் எங்கே என்று அவரவருக்குத் தெரியும், தெரிந்தவர் தன் பிள்ளைக்குக் காட்டுவார், அவ்வளவுதான் கணக்கு. இடம் கட்டையைக் காட்டும், கட்டை இடத்தைக் காட்டும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தால் என்னவாகும் என்று அத்தனை பெரிய தலைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. மறுநாள் ஏற்பாட்டுக்காரர்களின் டோசர் வந்து மேடு பள்ளத்தைத் தட்டியது. மொட்டைத் தென்னையையும் சாய்த்து இழுத்துக்கொண்டு போனது. மரைக்கார்மார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைய நாளை மட்டும் நான் நேரே கண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், விடியும்போது அது நல்ல நாளாகத்தான் இருந்தது.

எத்தனை சனம். மருதமுனையில் இருந்தும் சாய்ந்தமருதில் இருந்தும் நடந்தே வந்தார்கள். காரைதீவு, பாண்டிருப்புத் தமிழாட்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வீரமுனையில் இருந்து உழவு மெசினில் பெட்டி பூட்டி ஏறி வந்தார்கள். இறக்காமத்து விவசாயிகள் யானைக்கு வெடி போடுவதை ஒரு நாளைக்கு விட்டுவிட்டுக் குதிரை பார்க்க வந்தோம் என்றார்கள். அம்பாறைப் பக்கத்துச் சிங்கள ஆட்கள் லொறியில் வந்து இறங்கினார்கள். அத்தனை பேரும் ஒரே மணலில் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றதை நாம் அதற்கு முன்னால் கண்டதில்லை. கடலை வறுக்கிற வாசம், சர்பத்துக்காரனின் மணி, ஐஸ்கிறீம் வானின் பாட்டு, ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் கத்தல். நமக்கெல்லாம் மஞ்சள் தொப்பியும் பிளாஸ்டிக் கொடியும் தந்தார்கள். தொப்பியின் உள்பக்கம் புது ரப்பர் மணம் மணத்தது.

படம் எடுக்கிறவர்களுக்குச் சனம் போதவில்லை போலும். பெண்களும் முன்னால் வந்து வரிசையாக நிற்கும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முகாம் தாய்மார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து அந்தத் தரையில் நிறுத்தினார்கள். உம்மாவின் ஒரு கையில் கொடி, மறு கையில் வெறும் கேன். அன்று பவுசர் முகாமுக்கு வரவில்லை, கடற்கரையில்தான் நிற்கிறது என்று கேள்விப்பட்டுக் கேனையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். இத்தனை வருடம் கால் வைக்கக்கூடாது என்று தடுத்து வைத்திருந்த மண்ணில் அவரை ஒரு கொடியைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். எங்கே நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. மொட்டைத் தென்னையைக் காணவில்லை, ஆகையால் இது வேறு இடம் என்றே நினைத்திருக்கிறார்.

வெயில் ஏறிய பிறகு முதல் குதிரை வந்தது. தூரத்தில் ஒரு புள்ளி, பிறகு மணல் அதிர்வது கால் வழியாகத் தெரிந்தது. சனம் ஒரே குரலாகக் கத்தியது. கிட்ட வந்தபோது அது படத்தில் இருக்கிற குதிரை போல இருக்கவில்லை. வாயில் நுரை, தொடையில் நரம்பு முறுக்கிக்கொண்டு துடித்தது, வியர்வை வயிற்றால் வழிந்து மணலில் சொட்டியது. புளித்த வைக்கோலும் உப்பும் கலந்த ஒரு வாடை. மேலே இருந்தவரின் உதடு வெடித்திருந்தது. எனக்கு அந்தக் குதிரை மீது பாவமாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும் போல இருந்தது.

ஓட்டி வந்தவர் இறங்கியதும் ஆட்கள் ஓடிப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். குடிப்பதற்கு ஒரு வாளி, கழுத்துக்கு ஒரு வாளி, காலுக்கு ஒரு வாளி. குதிரை டொக்டர் ஒருவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று பார்த்தார். முந்தி வந்தால் மட்டும் வெற்றி இல்லை, நெஞ்சுத் துடிப்பு அடங்கினால்தான் குதிரை ஓட்டத்தை முடித்ததாகக் கணக்கு என்று ஒலிபெருக்கி விளக்கியது. பக்கத்துக் கொட்டில் மாமி அதைக் கேட்டுவிட்டு உம்மாவின் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா கா. நம்மட நெஞ்சில ஆராவது ஒரு நாளைக்குக் குழாய் வெச்சிக் கேட்டாங்களா?”

உம்மா மணலில் ஓடி வீணாகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது நம் பவுசர், நம் தண்ணீர். கொடியை என் கையில் தந்துவிட்டுக் கேனோடு பவுசரை நோக்கி நடந்தார். நான் பின்னால் போனேன்.

பவுசருக்குப் பின்னால், மதிலோரம், குதிரைகளைக் கட்டியிருந்தார்கள். குதிரை பார்க்கிற வேலையாட்கள் தூர இடத்துப் பெடியன்கள். கயிறு கட்ட முளை தேடியவர்கள் தரப்பாளைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். கீழே கூராக, மேலே உருட்டாகச் சீவிய நல்ல கட்டைகள் குவியலாகக் கிடந்தன. அவர்கள் என்ன கண்டார்கள்? ஒவ்வொன்றாக எடுத்து மணலில் அடித்துக் குதிரையைக் கட்டிவிட்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அது என்ன கட்டை என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் மேடையில் வெள்ளைச் சேர்ட்டும் நெஞ்சில் பூவுமாக இருந்தார்கள்.

அந்தச் செம்மண் நிறக் குதிரையைக் கட்டியிருந்த கட்டை நீலமாக இருந்தது.

உம்மா கேனைக் கீழே வைத்தார். கட்டைக்குப் பக்கத்தில் குந்தினார். விரலால் அந்த நீலத்தைத் தடவினார், நகத்தால் சுரண்டியும் பார்த்தார். பூச்சுக்குக் கீழே பழைய பச்சை இருந்தது, எங்கள் வாசலில் இருந்தது போலவே. குதிரை குனிந்து அவர் தோளில் மூச்சு விட்டது, அவர் அசையவில்லை. வேலைக்காரப் பெடியன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். அது கபுறுக் கட்டை என்று சர்பத்துக்காரர் அவனுக்கு இரண்டு வார்த்தையில் சொன்னார். அந்தப் பெடியனின் முகம் செத்துப்போனது. குதிரையை அவிழ்த்தான், பிறகு செருப்பைக் கழற்றினான், பிறகு ஓடி ஓடி மற்றக் குதிரைகளையும் அவிழ்க்கத் தொடங்கினான். அன்று முழுவதும் அந்த மண்ணுக்கு மரியாதை செய்த ஒரே ஆள் அவன்தான்.

உம்மா கட்டையைப் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டு மேடைக்கு நடந்தார். சனம் வழி விட்டது. வாப்பா கண்டுவிட்டு அவசரமாக இறங்கி வந்தார்.

“இது எங்கால வந்த?” என்று உம்மா கேட்டார்.

“நாளைக்கு எல்லாத்தையும் நட்டுருவம். இஞ்ச வெச்சிக் கதைக்காதீங்க, பெரியாக்கள் இரிக்காங்க.”

“நாளைக்கு வேணாம். இப்ப காட்டுங்க. எந்த இடம்?”

வாப்பா திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மொட்டைத் தென்னை இல்லை. மேடு இல்லை, பள்ளம் இல்லை. மட்டமாகத் தட்டிய மணல், அதன் மேல் குளம்படி, அதன் மேல் ஊர் உலகத்துச் சனம். கடலுக்கு முகம் கொடுத்து நின்றார். வலக்கைப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தார். குதிரைகள் ஓடி வருகிற பாதையின் நடுவில் போய் நின்று காலால் மணலைத் தட்டிப் பார்த்தார். ஒலிபெருக்கி அவரை விலகும்படி கத்தியது. அடுத்த குதிரை வந்துகொண்டிருந்தது, இரண்டு பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள், அவர் உதறிக்கொண்டு மறுபடி போனார்.

நீங்கள் சிரித்தீர்கள். மஞ்சள் தொப்பி போட்ட அத்தனை பேரும், யாரோ பைத்தியக்காரர் கூத்துக் காட்டுகிறார் என்று கைதட்டிச் சிரித்தீர்கள். உங்களுக்கு விசயம் தெரியாது, பிள்ளைகள் நீங்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அதே நாளுக்கு இப்போது இதயம் போடுகிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வாப்பா கடைசியில் உம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

“இந்தப் பக்கம்தான்” என்றார்.

“இந்தப் பக்கமெண்டா?”

அவர் கையைத் தூக்கினார். கை எந்தப் பக்கமும் நீளவில்லை. உம்மா கட்டையோடு வீட்டுக்கு, அதாவது கொட்டிலுக்கு, நடந்தார். நான் வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

பெரிய மனிதர் அன்று சமாதானத்தைப் பற்றிப் பேசினாராம். குதிரைக்கு மாலை போட்டாராம். சாவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்குப் பிறகும் மாரி வந்து போனது. சாவி வந்தபோது மேடையும் இல்லை, கொடியும் இல்லை, ஒரு கிளார்க் ஷொப்பிங் பையில் அள்ளிக்கொண்டுவந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தந்துவிட்டுப் போனார். எப்படியும் வரவிருந்த சாவி. அதற்காகத்தான் அந்த மண்ணை விற்றார்கள்.

மறுநாள் ஆண்கள் தங்கள் கட்டைகளைத் தேடிப் போனார்கள். சில உடைந்திருந்தன, சிலவற்றைக் குதிரை கடித்திருந்தது. ஒரே கட்டையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு இது என்ட வாப்பாட, இது என்ட பெண்சாதிட என்று இழுபட்டார்கள். கட்டை கிடைத்தவருக்கும் நடுவதற்கு இடம் தெரியவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் மதிலோரமாக வேலி போல நட்டு, பொதுவாக ஒரு துஆ ஓதி முடித்தார்கள். அவர்கள் எல்லோரும் சுவர்க்கத்துக்குரிய ஷஹீதுகள், கட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அல்லாஹ் அறிவான் என்று மௌலவி ஆறுதல் சொன்னாராம். அல்லாஹ் அறிவான்தான். உம்மாவுக்கும் தெரிய வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

நீலக் கட்டையை உம்மா கொடுக்கவில்லை. புது வீட்டுக்கு அதைத்தான் முதலில் கொண்டுபோனார். வாசல் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார், இன்றும் அங்கேதான் இருக்கிறது.

வாப்பா வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைக்குப் போவதை விடவில்லை. போய், அந்தத் தரையின் விளிம்பில் நின்று ஓதிவிட்டு வருவார். வந்து சேர்ட்டைக் கழற்றிவிட்டு, பாயில் இருந்து, உம்மாவின் முகத்தைப் பார்ப்பார். உம்மா சோறு போடுவார், கறி ஊற்றுவார், ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். வாப்பா மௌத்தாகும்வரை உம்மா கேட்கவில்லை. வாப்பா கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என் தலைக்கு மேல் ஓடு வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தார். அந்த ஓட்டுக்குக் கீழே இருந்துதான் இதை எழுதுகிறேன், அதுவும் எனக்குக் கோபமாக இருக்கிறது.

படம் வந்த அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உம்மா என் கைபேசியை வாங்கினார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினார். நான் குதிரையைப் பெரிதாக்கினேன். குதிரை வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“பின்னுக்குப் பாரு மகள். தென்னை விழுந்த இடம், குழி கிழி ஏதும் தெரியுதா?”

நான் படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். இடப் பக்கம், வலப் பக்கம், குதிரையின் வயிற்றுக்குக் கீழே, கால்களுக்கு நடுவில். எல்லா இடத்திலும் சனம். நாம் எல்லோரும் மஞ்சள் தொப்பியோடு சிரித்துக்கொண்டு நெருக்கமாக நிற்கிறோம். ஒரு கையளவு மண்கூடத் தெரியவில்லை.